சம்பளக் கணக்கு லூப் தகராறு செய்கிறதா? அறிகுறியைப் பார்த்துப் பிழையைப் பிடியுங்கள்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஜாலான் துன் சம்பந்தன் பக்கம் ஒரு கடையின் மாடியறையில், ஞாயிறு காலை தோறும் எஸ்பிஎம் (ஐந்தாம் படிவத் தேர்வு) முடித்த பிள்ளைகள் சிலருக்கு புரோகிராமிங் சொல்லித் தருகிறேன். வார நாட்களில் என் பிழைப்பு வேறு, ஒரு கம்பெனியில் சம்பளக் கணக்கு. அதனால் லூப் (ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் பகுதி) பாடத்துக்கு நான் கொடுக்கும் முதல் பயிற்சியும் சம்பளக் கணக்குதான். சனிக்கிழமை ராத்திரி பதினொரு மணிக்கு வாட்ஸ்அப் வரும்: "டீச்சர், ஓடவே மாட்டேங்குது லா." அவ்வளவுதான். எது ஓடவில்லை, எப்படி ஓடவில்லை என்று ஒரு வார்த்தை இருக்காது. தலை வலிக்கிறதா வயிறு வலிக்கிறதா என்று சொல்லாமல் மருந்து கேட்டால் எப்படி? ஆகவே, அறிகுறி வாரியாக எழுதி வைத்துவிட்டேன்.

பயிற்சி இது. ஒரு கடையில் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று முன்கூட்டித் தெரியாது. ஒவ்வொருவரும் அந்த வாரம் எத்தனை மணி நேரம் வேலை பார்த்தார் என்று புரோகிராம் கேட்க வேண்டும். மணிக்கு 10 வெள்ளி (ரிங்கிட்). 45 மணிக்கு மேல் போனால் கூடுதல் நேரத்துக்கு ஒன்றரை மடங்கு. -1 அடித்தால் பட்டியல் முடிந்தது. மொத்தச் சம்பளம், ஆள் எண்ணிக்கை, சராசரி மூன்றையும் காட்ட வேண்டும்.

45ஐ நான் வானத்திலிருந்து எடுக்கவில்லை. மலேசியாவின் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்துக்கு வந்த திருத்தத்தில், 2023 ஜனவரி 1 முதல் வார வேலை நேரத்தின் உச்சவரம்பு 48லிருந்து 45 ஆனது. நிஜத்தில் ஒப்பந்தத்தில் எழுதிய வழக்கமான நேரத்தைத் தாண்டினாலே ஓட்டி (ஓவர்டைம்) தொடங்கிவிடும். இங்கே எளிமைக்காக 45 என்று வைத்துக்கொள்கிறோம்.

இந்த லூப் எத்தனை முறை சுற்ற வேண்டும் என்று நாம் முன்னால் சொல்வதில்லை. உள்ளே வருகிற எண்தான் அதைத் தீர்மானிக்கிறது. நிறுத்தச் சொல்லும் அந்த -1க்குப் புத்தகத்தில் சென்டினல் என்று பெயர். எங்கள் வகுப்பில் "கடை மூடுற நம்பர்". என் அப்பா ரப்பர் தோட்டத்தில் கிராணியாக, அதாவது கணக்கராக, இருந்தவர். விடியற்காலைப் பெரட்டில் (ஆள் கூடும் இடத்தில்) செக்ரோல் என்ற வருகைப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு பெயர் கூப்பிடுவார். கடைசிப் பெயருக்குக் கீழே ஒரு சிவப்புக் கோடு போட்டிருப்பார். கோடு வந்ததும் புத்தகம் மூடிவிடும். அந்தக் கோட்டுக்கு யாரும் பேர் போட்டதில்லை, சம்பளமும் கொடுத்ததில்லை. கீழே வரும் பிழைகளில் இரண்டு, கோட்டுக்குச் சம்பளம் போட்ட கதைதான்.

சரியான வடிவம்:

மொத்தம் = 0
ஆள் = 0
மணி = கேள்("மணி நேரம்? ")
மணி != -1 என்கிறவரை:
    மணி > 45 என்றால்:
        சம்பளம் = 45 * 10 + (மணி - 45) * 15
    இல்லையென்றால்:
        சம்பளம் = மணி * 10
    மொத்தம் = மொத்தம் + சம்பளம்
    ஆள் = ஆள் + 1
    மணி = கேள்("மணி நேரம்? ")
காட்டு(மொத்தம், ஆள், மொத்தம் / ஆள்)

மேலே "என்கிறவரை", "என்றால்", "கேள்", "காட்டு" என்று நான் எழுதியவை புரோகிராமில் வைல், இஃப், இன்புட், பிரின்ட்; இவற்றை வழக்கம்போல ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும். != என்றால் சமமில்லை. ஆனால் மொத்தம், ஆள், மணி என்ற பெயர்களைத் தமிழிலேயே வைத்தாலும் பைத்தான் 3 மொழி முணுமுணுக்காமல் ஏற்றுக்கொள்ளும். பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். ஓட்டிக் காட்டினால் ஒரு வாரத்துக்கு எல்லாப் பெயரையும் தமிழில்தான் வைப்பார்கள்.

"கேள்" என்ற வரி இரண்டு இடத்தில் இருக்கிறது: லூப்புக்கு முன்னால் ஒன்று, லூப்புக்குள் கடைசி வரியாக ஒன்று. கண் அந்த இரண்டு வரியிலேயே இருக்கட்டும்.

40, 50, 45, -1 என்று கொடுங்கள். 400, 525, 450. மொத்தம் 1375, ஆள் 3, சராசரி 458.33. இதைத் தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உங்கள் திரையைப் பாருங்கள்.

அறிகுறி: முதல் எண்ணைக் கொடுத்ததும் திரை அப்படியே உறைந்து நிற்கிறது, விடையே வருவதில்லை

கன்ட்ரோலையும் சியையும் சேர்த்து அழுத்தி முதலில் நிறுத்துங்கள். லூப்புக்குள் இருக்க வேண்டிய இரண்டாவது "கேள்" இல்லை. மணி 40 ஆகவே இருக்கிறது, 40 ஒரு நாளும் -1 ஆகப் போவதில்லை, அதே ஆளுக்கு 400 வெள்ளி போட்டுக்கொண்டே இருக்கிறது. "இருக்கு டீச்சர், எழுதியிருக்கேன்" என்பவர்கள் இடது ஓரத்தைப் பார்க்கவும். பைத்தானில் அந்த வரி லூப்பின் மற்ற வரிகளோடு நேராக உள்ளே தள்ளி இருக்க வேண்டும். வெளியே வந்துவிட்டால் லூப் முடிந்த பிறகுதான் அதன் முறை வரும், லூப்போ முடியவே முடியாது. ஜாவா, சி பிளஸ் பிளஸ் எழுதுகிறவர்கள் வைல் வரியின் முடிவில் தவறி அரைப்புள்ளி வைத்துவிட்டீர்களா என்றும் பாருங்கள். வைத்திருந்தால் லூப்புக்கு உடம்பே இல்லை, அந்த அரைப்புள்ளியையே சுற்றிக்கொண்டிருக்கும்.

அறிகுறி: -1 அடித்தும் மறுபடி மணி கேட்கிறது

பைத்தானில் இன்புட் எதைக் கொண்டுவந்தாலும் எழுத்துச் சரமாகத்தான் கொண்டுவரும். நீங்கள் அடித்தது ஒரு கோடும் ஒரு ஒன்றும் சேர்ந்த எழுத்து, நீங்கள் ஒப்பிடுவது எண். இரண்டும் ஒருபோதும் சமம் ஆகாது. சம்பளம் கணக்கிடும் வரியில் மட்டும் எண்ணாக மாற்றுகிறவர்களுக்கு இந்தப் பிழை ஒளிந்தே இருக்கும், ஏனென்றால் பெருக்கல் சரியாக நடக்கும், நிறுத்தம் மட்டும் நடக்காது. கேட்கிற இடத்திலேயே ப்ளோட் (எண்ணாக மாற்றும் கட்டளை) போட்டு மாற்றிவிடுங்கள், இரண்டு "கேள்" வரியிலும். முதலாவதில் மாற்றி இரண்டாவதில் மறந்தால், முதல் ஆளின் கணக்கு ஒழுங்காக நடந்து இரண்டாம் ஆளிடம் பிழைச் செய்தி வரும். எங்குமே மாற்றாமல் மணி * 10 என்று பெருக்கிப் பாருங்கள், 40ஐப் பத்து முறை ஒட்டி 40404040404040404040 என்று ஒரு சம்பளம் வரும். அந்தச் சம்பளத்துக்கு நானும் அந்தக் கடையில் சேர்ந்துவிடுவேன்.

வாட்ஸ்அப்பிலிருந்து -1ஐ ஒட்டினால் சில நேரம் கழித்தல் குறிக்குப் பதிலாக நீளக் கோடு வந்து உட்காரும். அதை ப்ளோட் எண்ணாக ஏற்காது. கையால் அடியுங்கள்.

அறிகுறி: மொத்தம் 1365, ஆள் 4

சிவப்புக் கோட்டுக்குச் சம்பளம் போட்டுவிட்டீர்கள். -1ஐ ஒரு ஆளின் மணியாக எடுத்துப் பத்தால் பெருக்கி, 10 வெள்ளியைக் கழித்து, ஆள் எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்டியிருக்கிறது. பெரும்பாலும் இப்படி எழுதியிருப்பீர்கள்: மேலே மணி = 0 என்று வைத்து, லூப்புக்குள் முதல் வரியாகக் கேட்டு, அதற்குக் கீழே கணக்கு. வைல் நிபந்தனை ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்தில் மட்டும்தான் பார்க்கப்படும். நடுவில் -1 வந்தால் அந்தச் சுற்று முழுதும் ஓடி முடிந்த பிறகே அது தெரியும்.

போன தவணை ஒரு பையன் இதற்கு ஒரு வைத்தியம் செய்துகொண்டு வந்தான். லூப் முடிந்ததும் மொத்தத்தில் 10ஐக் கூட்டு, ஆளில் 1ஐக் கழி. விடை 1375, 3. "சரியாயிடுச்சு டீச்சர்!" நான் ஒன்றும் சொல்லவில்லை. மணிக்கு 12 வெள்ளி என்று மாற்றி ஓட்டச் சொன்னேன். 2 வெள்ளி குறைந்தது. கோட்டுக்குப் போட்ட சம்பளம் இப்போது -12, அவன் திருப்பிக் கொடுத்தது 10. கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அந்த இரண்டு வரியையும் அவனே அழித்தான்.

"கேள்" வரியை லூப்பின் கடைசிக்கு நகர்த்தி, லூப்புக்கு முன்னால் இன்னொரு "கேள்" வையுங்கள். ஒரே வரியை இரண்டு முறை எழுதப் பிடிக்காதவர்கள், முடிவில்லா லூப் போட்டு, கேட்டவுடன் -1ஆ என்று பார்த்து பிரேக் (லூப்பிலிருந்து வெளியேறும் கட்டளை) செய்யலாம். சில ஆசிரியர்களுக்கு பிரேக் என்றாலே ஆகாது. எனக்கு ஆட்சேபம் இல்லை, அது கேள்விக்கு அடுத்த வரியிலேயே இருக்கிறவரை.

அறிகுறி: ஆள் 3 சரி, மொத்தம் மட்டும் 965

என் அனுபவத்தில் இதுதான் மிக மோசமானது, ஏனென்றால் ஆள் எண்ணிக்கை சரியாக வந்து நம்மை ஏமாற்றிவிடும். பிள்ளைகள் நேராக ஓட்டி சூத்திரத்தைத் தோண்டப் போவார்கள். 45ஐ 44 ஆக்குவார்கள், > குறியை >= ஆக்குவார்கள், 15ஐ 10 ஆக்குவார்கள். சூத்திரத்தின் மேல் ஒரு குற்றமும் இல்லை.

தாளை எடுங்கள். மூன்று பத்தி போடுங்கள்: மணி, மொத்தம், ஆள். கம்ப்யூட்டராக நீங்களே மாறி, வரி வரியாக விரலை நகர்த்துங்கள். இந்த அறிகுறி வரும் புரோகிராமில் லூப்புக்கு முன் ஒரு "கேள்", லூப்புக்குள் முதல் வரியில் ஒரு "கேள்". முன்னால் உள்ளது 40ஐ வாங்கியது. -1 இல்லை, உள்ளே போ. உள்ளே போனதும் இன்னொரு கேள்வி, 50 வந்தது. 40 எங்கே? அழிந்துவிட்டது, யாரும் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. 50க்கு 525. அடுத்த சுற்றில் 45க்கு 450. அடுத்த சுற்றில் -1 வந்து, -10 சேர்ந்தது. 525 + 450 - 10 = 965. முதல் ஆள் காணாமல் போனார், சிவப்புக் கோடு ஆளாக வந்து உட்கார்ந்தது. ஒன்று போய் ஒன்று வந்ததால் தலைக்கணக்கு மூன்றாகவே நின்றது.

விரலால் போய்ப் பார்க்க ஐந்து நிமிடம் ஆகும். அதைச் செய்யாமல் சூத்திரத்தை மாற்றி மாற்றி ஒரு முழு ஞாயிறைக் கழித்தவர்கள் உண்டு. லூப்பின் முதல் வரியில் இருக்கும் கேள்வியைக் கடைசி வரியாக இறக்குங்கள், முடிந்தது.

அறிகுறி: பாதிப் பட்டியலிலேயே நின்று விடை காட்டிவிடுகிறது

நிபந்தனையில் மணி > 0 என்றோ மணி != 0 என்றோ எழுதியிருப்பீர்கள். 0 ஒரு நேர்மையான மணிக்கணக்கு. வாரம் முழுக்கச் சம்பளமில்லா விடுப்பில் இருப்பவருக்கு 0தான். கடை மூடுகிற எண்ணாக, எந்த ஆளுக்கும் வரவே முடியாத ஒன்றைத்தான் எடுக்க வேண்டும். மணி கழித்தலில் போகாது என்பதால்தான் -1.

இதை நான் கொஞ்சம் அழுத்தியே சொல்வேன், ஒரு முறை சூடு பட்டவள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் இருந்த இடத்தில், யாரோ எப்போதோ எழுதிய ஒரு சின்ன புரோகிராம் சம்பளப் பட்டியலைக் கூட்டும். அந்த மாதம் ஒரு மெக்கானிக் முழு மாதமும் சம்பளமில்லா விடுப்பு, அவர் வரிசையில் 0 போட்டேன். புரோகிராம் அங்கேயே கும்பிடு போட்டுவிட்டது. அவருக்குக் கீழே இருந்த ஆறு பேர் பட்டியலிலேயே இல்லை. பிழைச் செய்தி கிடையாது, சிவப்பு எழுத்து கிடையாது, அழகாக ஒரு மொத்தத்தைக் காட்டியது. சம்பளக் காலம் முடிந்து ஏழாம் நாளுக்குள் சம்பளம் கைக்குப் போய்ச் சேர வேண்டும் என்பது சட்டம். ஆறாம் நாள் சாயங்காலம் ஓர் அம்மா வந்து, "தங்கச்சி, என் பேரு விட்டுப்போச்சா?" என்று கேட்ட பிறகுதான் எனக்கே தெரிந்தது. அன்று ராத்திரி பசியாறக்கூடப் போகாமல் உட்கார்ந்து ஆறு பேருக்கும் கையால் கணக்குப் போட்டேன்.

அறிகுறி: பெயரையும் கேட்கச் சொன்னதும் திரை பைத்தியம் பிடித்தது போல ஓடுகிறது

இரண்டாம் வாரப் பயிற்சியில் மணிக்கு முன்னால் பெயரையும் கேட்கச் சொல்வேன், பெயர் இடத்தில் "முடி" என்று அடித்தால் நிற்க வேண்டும். பைத்தான் பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகாது. சி பிளஸ் பிளஸ் எழுதுகிறவர்களில் செல்வம் என்று சோதித்தவன் தப்பித்துக்கொள்வான். ஐசியில் (அடையாள அட்டையில்) உள்ளபடி செல்வம் ஏ/எல் முத்து, அதாவது முத்துவின் மகன் செல்வம், என்று அடித்தவனிடம்தான் திரை பேயாட்டம் ஆடும்.

காரணம் நம் பெயரிலேயே இருக்கிறது. சின் என்ற உள்ளீட்டு வழி இடைவெளி வரும்வரைதான் படிக்கும். பெயருக்குச் "செல்வம்" போனது. மிச்சம் இருந்த "ஏ/எல்" வரிசையில் நின்றுகொண்டிருந்தது. அடுத்து மணி கேட்டபோது, நீங்கள் எதையும் அடிப்பதற்கு முன்பே அந்த "ஏ/எல்" போய் எண்ணின் வாசலில் நின்றது. எண்ணுக்குப் பதில் எழுத்து வந்ததும் சின் முறுக்கிக்கொண்டு தோல்வி நிலைக்குப் போய்விடும். அதன்பின் எதைக் கேட்டாலும் படிக்காமல் திரும்பிவிடும். பெயர் "செல்வம்" ஆகவே நிற்கும், "முடி" ஆகாது, லூப் சுற்றிக்கொண்டே இருக்கும். ஜாவாவில் இதே தவறுக்குப் புரோகிராம் ஒரு பிழைச் செய்தியோடு விழுந்துவிடும், அது எவ்வளவோ மேல். ஏ/எல், பெண்களுக்கு ஏ/பி போட்டுப் பெயர் எழுதும் ஊரில் இருந்துகொண்டு ஒற்றைச் சொல்லில் மட்டும் சோதிக்கக் கூடாது.

கெட்லைன் போட்டு முழு வரியையும் படியுங்கள். போட்டவுடன் அடுத்த புகார் வரும்: "முதல் ஆள் சரி டீச்சர், ரெண்டாவது ஆளுக்குப் பேரே கேட்க மாட்டேங்குது." கேட்கிறது, பதிலும் வாங்கிவிட்டது. முதல் ஆளின் மணியாக 40 அடித்து என்டர் தட்டினீர்கள் அல்லவா? சின் 40ஐ மட்டும் எடுத்துக்கொண்டு அந்த என்டரை அங்கேயே விட்டுவிட்டது. கெட்லைன் வந்து அந்த என்டரைப் பார்த்து, வெற்று வரி ஒன்று கிடைத்தது, அதுதான் பெயர் என்று எடுத்துக்கொண்டது. ஜாவாவில் நெக்ஸ்ட் இன்ட்டுக்குப் பிறகு நெக்ஸ்ட் லைன் போட்டாலும் இதே கதைதான். எண்ணைப் படித்த பிறகு மிச்ச வரியை ஒரு முறை வெறுமனே படித்துத் தள்ளிவிடலாம். நான் சொல்லித் தருவது வேறு: எல்லாவற்றையும் முழு வரியாகவே படி, எண் வேண்டிய இடத்தில் பிறகு எண்ணாக மாற்று. ஒரே பழக்கம், எங்கும் மிச்சம் நிற்காது.

அறிகுறி: "இன்னும் ஆள் உண்டா" என்று கேட்கும் லூப், முதல் ஆளோடு நிற்கிறது அல்லது நிற்கவே இல்லை

ஆங்கில எழுத்து ஒய் (y) அடித்தால் தொடரும் என்று எழுதிவிட்டு, கை பழக்கத்தில் மலாயில் "யா" என்று அடிப்பவர்கள் நம் ஊரில் ஏராளம். ஒய் வேறு, யா வேறு, லூப் நின்றுவிடும். பெரிய எழுத்து ஒய்யும் வேறுதான். பதிலைச் சிறிய எழுத்தாக்கி, ஒய்யில் தொடங்குகிறதா என்று மட்டும் பாருங்கள். நிற்கவே இல்லை என்றால், "பதில் சிறிய n எழுத்துக்குச் சமமில்லை அல்லது பெரிய N எழுத்துக்குச் சமமில்லை" என்று எழுதியிருப்பீர்கள். எந்தப் பதிலும் ஒரே நேரத்தில் இரண்டாகவும் இருக்க முடியாது, ஆகவே அந்த நிபந்தனை எப்போதும் உண்மை. அங்கே "அல்லது" வராது, "மற்றும்" வரவேண்டும்.

அறிகுறி: மொத்தம் 450 மட்டும்

மொத்தம் = 0 என்ற வரி லூப்புக்குள் போய்விட்டது. ஒவ்வொரு ஆள் வரும்போதும் கல்லாவைத் துடைத்துக் காலி செய்கிறீர்கள், கடைசி ஆளின் 450 மட்டும் மிச்சம். வெளியே எடுங்கள்.

அறிகுறி: சராசரி 458, சென் காணோம். அல்லது முதலிலேயே -1 அடித்தால் விழுகிறது

முதலாவது ஜாவாவிலும் சி பிளஸ் பிளஸிலும் முழு எண்ணை முழு எண்ணால் வகுத்ததால். மொத்தத்தை டபுள் (தசம எண்) ஆக்குங்கள். இரண்டாவது, ஆள் 0 ஆக இருக்கும்போது வகுத்ததால். ஆள் 0 என்றால் "யாரும் இல்லை" என்று காட்டிவிட்டுப் போங்கள்.

அறிகுறி: சேமநிதி பிடித்ததும் 1223.75க்குப் பதில் 1098.34

ஊழியர் சேமநிதிக்காக (இபிஎஃப்) 11 விழுக்காடு கழிக்கச் சொன்னால், மொத்தம் = மொத்தம் * 0.89 என்று லூப்புக்குள்ளேயே எழுதிவிடுகிறார்கள். 400 முதல் சுற்றில் 356 ஆனது. அதோடு 525 சேர்ந்து, மறுபடி 0.89ஆல் பெருக்கி 784.09. அதோடு 450, மறுபடி. முதல் ஆளுக்கு மூன்று முறை சேமநிதி பிடித்தாயிற்று. ஒவ்வோர் ஆளின் சம்பளத்தில் கழித்துவிட்டு மொத்தத்தில் சேருங்கள். இது பயிற்சிக் கணக்கு என்பதையும் சொல்லிவிடுகிறேன். அலுவலகத்தில் சேமநிதியை மாதச் சம்பளத்தின் மேல் சேமநிதிச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையைப் பார்த்துத்தான் பிடிப்போம், அதில் ஓட்டிப் பணம் சேராது. சொக்சோவுக்கு (சமூகப் பாதுகாப்பு நிதி) ஓட்டியும் சேரும். இந்த வித்தியாசம் தெரியாமல் வேலைக்கு வருகிறவர்களை ஆண்டுதோறும் பார்க்கிறேன்.

அறிகுறி: எல்லாம் ஓடுகிறது, ஆனால் கையால் போட்ட கணக்கைவிட 3 வெள்ளி குறைகிறது

லூப்பைத் தொடாதீர்கள், நீங்கள் அடித்ததைப் பாருங்கள். 45 மணி 30 நிமிடத்தை 45.30 என்று அடித்திருப்பீர்கள். புரோகிராமுக்கு அது 45 மணியும் அதற்கு மேல் மணியில் பத்தில் மூன்று பங்கும், அதாவது 18 நிமிடம். அரை மணி ஓட்டிக்கு 7.50 வர வேண்டிய இடத்தில் 4.50 வந்தது. 45.5 என்று அடிக்க வேண்டும். அல்லது மணியைத் தனியாக, நிமிடத்தைத் தனியாகக் கேட்டு, நிமிடத்தை 60ஆல் வகுத்துச் சேருங்கள். ஆளே வந்து அடிக்கிற புரோகிராம் என்றால் இதுதான் எனக்குப் பிடித்த வழி. பஞ்ச் கார்டில் 45:30 என்று பார்த்தவர் 45.30 என்றுதான் அடிப்பார், அவரைக் குறை சொல்லி ஆகப்போவதில்லை.

எனக்குச் செய்தி அனுப்புமுன் இந்த ஐந்தையும் ஓட்டிவிடுங்கள்: 40, 50, 45, -1. பிறகு வெறும் -1. பிறகு நடுவில் ஒரு 0. பிறகு 45.5. பெயர் கேட்கும் புரோகிராம் என்றால், உங்கள் ஐசியில் உள்ள முழுப் பெயர். அப்படியும் தகராறு என்றால் வாட்ஸ்அப்பில் என்ன அடித்தீர்கள், என்ன வந்தது, என்ன வர வேண்டும் என்று மூன்று வரி எழுதுங்கள். பதினொரு மணிக்கு முன்னால்.